கேலஸ் பெருக்கிறது, கரு மட்டும் வரவில்லை

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அரூர்ப் பக்கத்து முதுகலை மாணவி. கேரட் விதையை முளைக்க வைத்து, நாற்றின் இளந்தண்டைத் துண்டு துண்டாக வெட்டி, முராஷிகே–ஸ்கூக் என்ற வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் 2,4-டி என்ற, ஹார்மோன் போல வேலை செய்யும் பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறார். எட்டு வாரம் ஆகிவிட்டது. இடையில் இரண்டு முறை புது ஊடகத்துக்கு மாற்றியிருக்கிறார். இரண்டு முறையும் அதே கலவைதான். 200 மில்லிகிராம் கேலஸ் (உருவமில்லாமல் பெருகும் செல் திரள்) நான்கு வாரத்தில் 2 கிராமைத் தாண்டுகிறது. ஆனால் அவர் எதிர்பார்க்கும் கரு, அதாவது விதை இல்லாமல் உடற்செல்லிலிருந்தே எழும் செடிக்கரு, ஒன்று கூட இல்லை. வழிகாட்டி சொன்னபடி வாரம் ஒருமுறை புரதம், சர்க்கரை, பினால் (வெட்டிய திசுவைக் கறுக்கச் செய்யும் செடிப் பொருள்) மூன்றையும் அளந்தும் வருகிறார். "கரு உருவாகும்போது புரதம் கூடும் என்று படித்தேன். எனக்கோ வாரத்துக்கு வாரம் குறைகிறது. என் கை சரியில்லையா, செல் சரியில்லையா?" என்று கேட்கிறார்.

கையில் பிழை இல்லை. செல்லிலும் பிழை இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் செல்லிடம் "வளர்" என்று சொன்னீர்கள், அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. கரு வேண்டுமென்றால் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்த வேண்டும். அதை நீங்கள் இன்னும் நிறுத்தவில்லை. அளவீட்டில் குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது; புரதத்தை எதனால் வகுக்கிறீர்கள் என்பதில். இரண்டையும் சொல்கிறேன். ஓசூரை ஒட்டிய ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் பதினாறு ஆண்டுகள் குடுவை கழுவுவதில் தொடங்கி எல்லா வேலையும் பார்த்தவன் என்பதால், புத்தகத்தில் ஒரு வரியில் முடிகிற சில விஷயங்களில் சற்று அதிகமாகவே நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வளர்ச்சி. புது ஊடகத்துக்கு மாற்றியவுடன் செல் பெருகத் தொடங்குவதில்லை. இரண்டு மூன்று நாள் சும்மா இருப்பதுபோல் தெரியும். எடை பார்த்தால் ஏறியிருக்காது. ஆனால் செல்லுக்குள் அந்த நாட்களில்தான் பரபரப்பு அதிகம். சுவாசம் கூடுகிறது. குளுக்கோஸ் எரியும் பாதைகளில் பென்டோஸ் பாஸ்பேட் பாதையின் பங்கு உயர்கிறது. இந்தப் பாதையிலிருந்து செல்லுக்கு இரண்டு சரக்குகள் கிடைக்கின்றன: ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. கட்டத் தேவையான ரைபோஸ் சர்க்கரை ஒன்று, புதுப் பொருள்களை உருவாக்கத் தேவையான ஒடுக்கும் ஆற்றல் மற்றொன்று. ரைபோசோம்கள் பெருகுகின்றன, ஆர்.என்.ஏ. ஏறுகிறது, அதன் பின்னாலேயே புரதம் ஏறுகிறது. செல் பிரிவது இதற்கெல்லாம் பிறகுதான். ஆகவே ஒரு செல்லுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு ஆர்.என்.ஏ. என்று பார்த்தால் உச்சம் பெரும்பாலும் வளர்ச்சியின் முன்பகுதியில், எடை இன்னும் கண்ணுக்குத் தெரியாதபோதே வந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை அளப்பவர் அந்த உச்சத்தைப் பார்க்கவே மாட்டார். உங்கள் முதல் அளவு ஏழாம் நாள். அதற்குள் மேடு ஏறி இறங்கியாகிவிட்டது.

சர்க்கரைக்கு வருவோம். லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ் போடுகிறோம். செல் அதை அப்படியே விழுங்குவதில்லை. செல்சுவரில் ஒட்டியிருக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி அதை வெளியிலேயே குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைக்கிறது. (ஊடகத்தைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் சூட்டிலேயே கொஞ்சம் உடைந்தும்விடுகிறது.) அதனால் சில நாட்களிலேயே ஊடகத்தில் சுக்ரோஸ் சரிந்து, இந்த இரண்டும் ஏறுகின்றன. பெரும்பாலும் குளுக்கோஸ் முதலில் காலியாகிறது, ஃபிரக்டோஸ் பின்தங்கி நிற்கிறது. மொத்தச் சர்க்கரையை மட்டும் அளந்தால் இந்த நாடகம் எதுவும் தெரியாது. ஒரு நேர்கோடு கீழே இறங்குவதுதான் தெரியும். உங்கள் ஆய்வேட்டில் ஒடுக்கும் சர்க்கரையை (குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டும் இந்த வகை) தனியாகவும் அளந்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், அந்தப் பக்கமே பேசும்.

சர்க்கரையைவிட வேகமாகத் தீர்வது பாஸ்பேட். முராஷிகே–ஸ்கூக் கலவையில் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் லிட்டருக்கு 170 மில்லிகிராம்தான். செல்கள் அதைச் சில நாட்களிலேயே உறிஞ்சி, செல்லுக்குள் இருக்கும் நீர் அறையான குமிழ்ப்பையில் (வாக்குவோல்) சேமித்துக்கொள்கின்றன. வெளியே பாஸ்பேட் இல்லாத நிலையிலும் பிரிதல் தொடர்வது அந்தச் சேமிப்பில்தான். அதுவும் தீர்ந்த பிறகு பிரிதல் நிற்கிறது. ஆனால் எடை நிற்பதில்லை! இதைக் கவனியுங்கள். பிரிவதை நிறுத்திய செல் தண்ணீரை வாங்கி உப்புகிறது. குமிழ்ப்பை பெரிதாகி, சைட்டோபிளாசம் சுவரோரத்தில் ஒரு மெல்லிய படலமாக ஒதுங்குகிறது. உங்கள் நான்காம் வாரத்து 2 கிராமில் ஒரு நல்ல பங்கு இந்தத் தண்ணீர்தான். கேலஸின் ஈர எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எப்போதுமே தண்ணீர். கடைசி வாரங்களில் அது இன்னும் கூடும்.

இப்போது உங்கள் புரதக் கணக்கு புரிந்திருக்கும். "ஒரு கிராம் ஈர எடைக்கு இத்தனை மில்லிகிராம் புரதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். புரதம் அப்படியே இருந்து, வகுக்கும் எடை மட்டும் தண்ணீரால் பெருத்தாலும் எண் குறையும். மோரில் தண்ணீர் விட்டால் வெண்ணெய் எங்கும் போய்விடாது, குவளைக்குக் கிடைக்கும் பங்குதான் குறையும். இதே மாதிரிகளை உலர் எடைக்கு மாற்றுங்கள். முடிந்தால் செல் எண்ணிக்கைக்கும் மாற்றுங்கள். நீர்த்த குரோமிக் அமிலத்தில் ஊறவைத்துக் கட்டிகளைப் பிரித்து, எண்ணும் தட்டில் எண்ணலாம். நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் வளர்ச்சி என்ற ஒரே சொல்லுக்குள் செல் பிரிதல், செல் உப்புதல், சரக்குச் சேர்தல் என்று மூன்று வேலைகள் ஒளிந்திருப்பது இப்படி எண்ணினால்தான் கண்ணில் படும்.

இன்னொரு பொறி, புரதம் அளக்கும் முறையில். நீங்கள் லௌரி முறையில் அளப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் நீலம் தருவது ஃபோலின் வினைபொருள். பினாலை அளக்கவும் அதே வினைபொருளைத்தான் பயன்படுத்துகிறீர்கள். அப்படியானால் பினால் நிறைந்த பழைய கேலஸில் நீங்கள் "புரதம்" என்று படிப்பதில் ஒரு பங்கு பினால். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் புரதத்தை வீழ்படிய வைத்து, கழுவி, மறுபடி கரைத்து அளந்தால் இந்தக் கலப்படம் பெருமளவு போய்விடும். எங்கள் கூடத்தில் ஒரு முறை மூன்று மாத அளவீடுகளை இதற்காகவே தூக்கிப்போட்டோம். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அடுத்தது நைட்ரஜன். கருவுக்கும் வளர்ச்சிக்கும் நடுவிலான கதவே இதுதான் என்பது என் கருத்து, அதனால் இங்கே கொஞ்சம் உட்காருவோம். முராஷிகேயும் ஸ்கூக்கும் 1962இல் புகையிலைக் கேலஸுக்காக வகுத்த கலவையில் அம்மோனியம் நைட்ரேட் 1650 மில்லிகிராம், பொட்டாசியம் நைட்ரேட் 1900 மில்லிகிராம். கணக்குப் போட்டால் லிட்டருக்கு நைட்ரேட் ஏறத்தாழ 40 மில்லிமோல், அம்மோனியம் 20. செல் முதலில் அம்மோனியத்தை எடுக்கிறது. நைட்ரேட்டை எடுத்தால் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அம்மோனியாவாக்கி, அதன் பிறகுதான் அமினோ அமிலத்தில் சேர்க்க முடியும், செலவு அதிகம். அம்மோனியம் தயார்ச் சரக்கு. குளூட்டமைன் சிந்தேஸ் என்ற நொதி அதைப் பிடித்துக் குளூட்டமிக் அமிலத்தோடு சேர்த்துக் குளூட்டமைனாக்கிவிடுகிறது. அங்கிருந்து மற்ற அமினோ அமிலங்களுக்கு நைட்ரஜன் பங்கு போகிறது.

இதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பி.எச். மீட்டர் போதும். திரவ ஊடகத்தை 5.8இல் வைத்துத் தொடங்குங்கள். தினமும் ஒரு குடுவையை எடுத்து அளங்கள். முதல் சில நாட்களில் பி.எச். இறங்கி 4.5 வாக்கில் வரும். அம்மோனியத்தை உள்ளே எடுக்கும் செல் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. பிறகு நைட்ரேட் உறிஞ்சுதல் சூடுபிடித்ததும் பி.எச். மெதுவாக மேலே திரும்பும். அந்தத் திருப்பம் எந்த நாளில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செல் எந்த உணவில் இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

கருவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஹால்பெரினும் வெதரெல்லும் 1965இல் காட்டியது இது: காட்டுக் கேரட் கேலஸை நைட்ரேட் மட்டுமே உள்ள ஊடகத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனோடு (2,4-டி இந்த வகைதான்) வளர்த்தால், அது நன்றாகவே வளர்கிறது. ஆனால் ஆக்சினை எடுத்த பிறகு கரு தருவதில்லை. ஆக்சின் கட்டத்திலேயே சிறிது அம்மோனியம் கிடைத்திருந்தால் பிறகு கரு வருகிறது. வெறும் வளர்ச்சிக்கு நைட்ரேட் போதும். கருவுக்கு ஒடுக்கப்பட்ட நைட்ரஜன், அதாவது அம்மோனியம் போன்றது, வேண்டும். குளூட்டமைன், அலனின் போன்ற அமினோ அமிலங்களும் பலவற்றில் அந்த இடத்தை நிரப்புகின்றன. ஊடகப் பொடியைக் கடையில் வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். நைட்ரேட் மட்டும் உள்ள பழைய கலவைகளும் விற்பனையில் உண்டு. உங்களுடையது முராஷிகே–ஸ்கூக் என்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இனி கரு. இது ஏதோ ஆய்வகத்தின் கண்கட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புக்காரர்களிடம் கேளுங்கள். இங்கே கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா கொட்டையை நட்டால் ஒரே நாற்று வரும். மேற்குக் கரையின் ஒலூரையோ, வேர்க்கன்றுக்காக நடும் வெள்ளைக்கொழும்பானையோ நட்டால் ஒரு கொட்டையிலிருந்து மூன்று, நான்கு நாற்றுகள் கிளம்பும். அவற்றில் ஒன்றுதான் மகரந்தத்தால் வந்த கருவாக இருக்கலாம், பல நேரம் அதுவும் நசிந்துவிடும். மற்றவை கருப்பையைச் சூழ்ந்த நியூசெல்லஸ் என்ற தாய்த் திசுவின் சாதாரண உடற்செல்கள், கருவின் வேடம் பூண்டு வந்தவை. தாயின் அச்சு அசல் நகல்கள். நீங்கள் குடுவைக்குள் செய்ய முயல்வதை அந்த மரம் கொட்டைக்குள் செய்துகொண்டிருக்கிறது.

குடுவைக்குள் இது முதலில் கண்ணில் பட்டது 1958இல், கேரட்டில். அமெரிக்காவில் ஸ்டீவர்டும் ஜெர்மனியில் ரைனர்ட்டும் தனித்தனியாகக் கண்டார்கள். ஸ்டீவர்டு தன் ஊடகத்தில் ஊற்றியது தேங்காய்த் தண்ணீர். அதற்கும் முன்பே, 1941இல், ஊமத்தையின் மிக இளம் கருக்களை வெளியே எடுத்து வளர்க்க அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின் ஹார்மோன்கள் அதில் இருக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. ஊமத்தை என்றதும் இன்னொன்று: டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி.மகேஸ்வரியும் 1964இல் ஊமத்தை இனத்து மகரந்தப் பையை வளர்ப்பில் வைத்தபோது, மகரந்தத் தூளிலிருந்தே கருக்கள் கிளம்பின. ஆண் செல்லாகப் போக வேண்டியது செடியாக எழுந்து நின்றது. தருமபுரியில் காலி மனைதோறும் ஊமத்தை நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இதோடு ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஓசூர்க் கூடங்களிலிருந்து போகும் ஜி9 வாழைக் கன்றுகள் பொதுவாக இந்த வழியில் வருவன அல்ல. அவை கிழங்கின் நுனிக் குருத்தை சைட்டோகைனினால் பக்கக் கிளை விடவைத்துப் பிரித்தவை. வாழையில் கரு வழியும் உண்டு, முதிராத ஆண் பூக்களிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் அது வேறு வேலை.

சரி, உங்கள் 2,4-டிக்கு வருவோம். தானியப் பயிரில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கிறோமே, அதே பொருள்தான். குறைந்த அளவில் அது ஆக்சின். செடியின் சொந்த ஆக்சினைச் செல் எளிதில் உடைத்துவிடும். 2,4-டியை அவ்வளவு சீக்கிரம் உடைக்க முடியாது. ஆகவே கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டளைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, தண்டுச் செல்லை அதன் பழைய தொழிலை மறக்கச் செய்து சில செல்களைக் கரு ஆகத் தகுதியுள்ளவையாக மாற்றுகிறது. மற்றொன்று, தகுதி பெற்ற செல்லைக் கருவாக வடிவெடுக்க விடாமல் தடுக்கிறது. கரு ஆக வேண்டுமானால் ஒரு முனை வேர், மறு முனை தளிர் என்று திசை வகுத்தாக வேண்டும். அதற்கு ஆக்சின் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் இருக்க வேண்டும். நாலா பக்கமும் 2,4-டி நிரம்பிய குளத்தில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

இதனால்தான் உங்கள் குடுவையில் கருக்கட்டிகள் ஏற்கெனவே இருக்கலாம் என்கிறேன். 2,4-டி இருக்கும்போதே, கேரட்டில், சிறிய அடர்ந்த செல்களின் கட்டிகள் உருவாகின்றன; கருமுன் கட்டிகள் என்று சொல்லலாம். அவற்றின் மரபணு இயக்கத்தையும் அதன் பிறகு வரும் உருண்டைக் கருவின் இயக்கத்தையும் ஒப்பிட்டவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைத்தது. வேறுபாடு மிகச் சொற்பம். கருவின் திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, 2,4-டி அதைக் கதவருகில் நிறுத்தி வைத்திருக்கிறது. எனவே "கேலஸில் புரதம் இவ்வளவு, கருவில் இவ்வளவு" என்று ஒப்பிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. எந்தக் கேலஸ்? கரு தரும் திறன் (கருத்திறன்) உள்ளதா, இல்லாததா? இரண்டையும் கலந்து அரைத்து அளந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். நீண்டு வளைந்து, உள்ளே வெறும் குமிழ்ப்பையாக, நீர்ப் பை போலக் கிடப்பவை கரு தராதவை. சிறிதாக, உருண்டு, சைட்டோபிளாசம் அடர்ந்து, நான்கு எட்டாக ஒட்டிக்கொண்டிருப்பவை உங்களுக்கு வேண்டியவை. அயோடின் ஒரு சொட்டு விட்டால் பின்னவற்றில் மாவுச்சத்து மணிகள் கருநீலமாகத் தெரியும்.

2,4-டியை எடுத்த பிறகு நடப்பதை ஜப்பானியரான கோமமினேயும் ஃபுஜிமுராவும் ஒரே அளவுக் கட்டிகளைச் சலித்தெடுத்து நாள்வாரியாகத் தொடர்ந்தார்கள். முதல் இரண்டு மூன்று நாள் பிரிதல் மந்தம். பிறகு திடீரென்று வேகம், செல் எண்ணிக்கை இரட்டிக்க ஏறத்தாழ 6 மணி நேரமே போதுமானதாகிறது. செடியின் செல்லுக்கு அது அசுர வேகம். டி.என்.ஏ. ஆக்கம் அப்போது உச்சத்தில் இருக்கிறது. அந்த வேகமும் கட்டி முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை, கட்டியின் சில பகுதிகளில் குவிகிறது. உருண்டைக் கரு அங்கிருந்து எழுகிறது. அதன் பிறகு வேகம் தணிந்து இதய வடிவம், டார்ப்பிடோ வடிவம் என்று உருவம் தொடர்கிறது. உருண்டை நிலையில் அது கேழ்வரகு மணியில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவு கூட இருக்காது, ஆகவே வெறுங்கண்ணால் தேடி "இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

இந்த நாட்களில் வேதியியலில் பெரிதும் அசைவது பாலிஅமீன்கள் என்ற, நைட்ரஜன் கொண்ட சிறு மூலக்கூறுகள். ஆர்ஜினினிலிருந்து புட்ரெசின், அதிலிருந்து ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின். கேரட் செல்களை 2,4-டி இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் ஆர்ஜினின் டிகார்பாக்சிலேஸ் நொதியின் செயல் உயர்கிறது, புட்ரெசின் கூடுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தால் கரு குறைகிறது, பாலிஅமீனை வெளியிலிருந்து கொடுத்தால் மீள்கிறது. புட்ரெசினை ஸ்பெர்மிடினாக்கவும் எத்திலீன் வாயுவை உண்டாக்கவும் பொதுவாகத் தேவைப்படும் மூலப்பொருள் ஒன்று உண்டு, எஸ்-அடினோசில் மெத்தியோனின். 2,4-டி எத்திலீனைத் தூண்டுகிறது; அது இருக்கும்வரை சரக்கின் ஒரு பங்கு அந்தப் பக்கம் போகிறது. எத்திலீனைத் தடுத்தால் பல செடிகளில் கரு கூடுவது இதோடு பொருந்துகிறது. நான் இதை ஒரே வாய்க்காலில் இரண்டு மடை என்று மாணவர்களுக்குச் சொல்வேன். ஆனால் உண்மையில் மடையை யார் அடைக்கிறார்கள் என்பதில் செடிக்குச் செடி வேறுபாடு உண்டு, உவமையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது செல்லுக்கு வெளியே நடப்பது. கேரட் செல்கள் ஊடகத்துக்குள் பல கிளைக்கோ புரதங்களைக் கசியவிடுகின்றன. அவற்றில் சர்க்கரை ஏறுவதை டூனிகாமைசின் என்ற பொருளால் தடுத்தால் கரு நின்றுவிடுகிறது. நெதர்லாந்தில் ஒரு கேரட் வகையை வைத்திருந்தார்கள். வெப்பம் 32 டிகிரிக்குப் போனால் அதன் கருக்கள் உருண்டை நிலையிலேயே உறைந்துவிடும். சாதாரண செல்கள் வளர்ந்த பழைய ஊடகத்தின் புரதத்தைச் சேர்த்தால் அவை மீண்டும் நகர்ந்தன. அந்த மீட்பர் யார் என்று 1992இல் பிரித்தெடுத்தபோது அது ஒரு கைட்டினேஸ் நொதி! கைட்டின் என்பது பூச்சியின் ஓட்டிலும் பூஞ்சையின் சுவரிலும் இருப்பது, செடியில் கிடையாது. பிறகு தெரிந்தது, அது அரபினோகேலக்டன் புரதங்கள் என்ற சுவர்ப் புரதங்களின் சர்க்கரைப் பகுதியை நறுக்குகிறது என்று. எதிரிக்கு வைத்திருந்த கத்தி வீட்டுச் சமையலறையிலும் வேலை செய்திருக்கிறது.

வெளியே கசிவதெல்லாம் நன்மை செய்வதும் இல்லை. செல்களை நெருக்கமாக ஊற்றினால் கரு வருவதில்லை. நெரிசலான கேரட் வளர்ப்பில் தேங்கித் தடுப்பது 4-ஹைட்ராக்சிபென்சைல் ஆல்கஹால் என்ற சிறிய பினால் பொருள் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் இனி 2,4-டியை எடுத்தாலும், கைநிறையக் கேலஸை அள்ளிப் போட்டால் மீண்டும் ஏமாறுவீர்கள்.

மரபணுக்களைப் பற்றி ஒரு பத்தி போதும். 1997இல் கேரட்டில் கண்ட சர்க் என்ற ஏற்பிப் புரதம் கருத்திறன் பெற்ற செல்லில் தோன்றி, உருண்டை நிலையோடு மறைகிறது, அடையாளமாகப் பயன்படுகிறது. லெக்1 போன்ற மரபணுக்களையோ, கடுகு இனத்து மகரந்தக் கருவில் கண்டு 2002இல் வெளியான பேபி பூம் மரபணுவையோ இலைச் செல்லில் வலிந்து இயக்கினால் ஹார்மோன் சேர்க்காமலே கரு எழுகிறது. உங்கள் ஆய்வுக்கு இவை தேவையில்லை, வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

டார்ப்பிடோவுக்குப் பிறகு கரு மறுபடி வேறு வேலைக்கு மாறுகிறது: சேமிப்பு. விதைக்குள் இருக்கும் கருவுக்கு அப்சிசிக் அமிலம் "இப்போதே முளைக்காதே, மூட்டை கட்டு" என்கிறது. குடுவையில் அந்தக் குரல் மெலிந்திருப்பதால் கரு அவசரப்பட்டு முளைத்துவிடுகிறது. மூன்று நான்கு வித்திலையோடு கோணல்மாணலாகவும் வருகிறது. சிறிது அப்சிசிக் அமிலமோ, கூடுதல் சர்க்கரையோ, பாலிஎத்திலீன் கிளைக்காலோ சேர்த்தால் உருவம் திருந்துகிறது. சேமிப்புப் புரதங்களும், உலர்ச்சியைத் தாங்கவைக்கும் லியா புரதங்களும் அப்போது சேர்கின்றன. எண்ணெய் வித்துகளில் கொழுப்பும். நீங்கள் படித்த "கரு உருவாகும்போது புரதம் கூடும்" என்ற வரியில் பெரும்பகுதி இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றியது. இதோடு 2,4-டி ஊடகத்துக் கேலஸை ஒப்பிட்டதால்தான் தவறு உங்களுடையது என்று தோன்றியது.

பினால் ஏறுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாஸ்பேட்டும் நைட்ரஜனும் தீர்ந்து, சர்க்கரை மட்டும் மீந்திருக்கும்போது செல் அந்தக் கார்பனைப் பினால் பக்கம் திருப்புகிறது. ஃபினைல் அலனின் அம்மோனியா லயேஸ் என்ற நொதிதான் அந்தத் திருப்பத்தின் வாசல். கேரட்டில் இது தொல்லை இல்லை. மாவில் இதுவே எமன். வெட்டிய நியூசெல்லஸிலிருந்து பினால் வடிய, பாலிபினால் ஆக்சிடேஸ் அதைக் குயினோனாக்க, இரண்டு நாளில் ஊடகமே கறுத்துவிடும். மாம்பழப் பருவத்தில் பிஞ்சுகளைத் தோப்பிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து, அஸ்கார்பிக் அமிலம், செயலூட்டிய கரி எல்லாம் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றியும் பாதிக்கு மேல் இழந்திருக்கிறோம். மாவில் ஆசை வைக்காமல் கேரட்டில் தொடங்கியது நல்ல முடிவு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கேலஸில் வெளிர்மஞ்சளாக, தொட்டால் உதிரும் பகுதியை மட்டும் எடுங்கள். கண்ணாடி போலத் தண்ணீர் கோத்ததை விட்டுவிடுங்கள். 2,4-டியைப் பாதியாகக் குறைத்த திரவ ஊடகத்தில், 125 மில்லி குடுவைக்கு 25 மில்லி வீதம், ஷேக்கரில் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்குச் சற்று மேலாக வையுங்கள். மின்சாரம் போனால் எழுந்து கையாலாவது ஆட்டுங்கள்: எங்கள் கூடத்தில் ஓர் இரவு ஜெனரேட்டர் ஓடாமல் ஷேக்கர் நின்றது. காலையில் மூடியைத் திறந்தபோது புளித்த கள் வாடை. ஆக்சிஜன் இல்லாத செல் சர்க்கரையைச் சாராயமாக்கிவிட்டது. அந்தத் தொகுதியிலிருந்து கரு எடுக்க முடியவில்லை.

வாரம் ஒருமுறை மாற்றி இரண்டு மூன்று சுற்று ஆனதும் சலியுங்கள். தனிச் சல்லடைக்குப் பணம் இல்லையென்றால் திரை அச்சுக்காரர்களிடம் கிடைக்கும் நைலான் வலை போதும். ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் கண்ணில் ஊற்றி மேலே நின்றதை விடுங்கள். 40–50 கண்ணில் தங்கியதை எடுங்கள். 2,4-டி இல்லாத ஊடகத்தில் மூன்று முறை கழுவுங்கள். சோம்பல்பட்டு ஒரு முறையோடு நிறுத்தினால் ஒட்டியிருக்கும் மிச்சமே கருவைத் தடுக்கும். பிறகு அதே ஊடகத்தில், குடுவையை வெளிச்சத்தில் பிடித்தால் கலங்கல் தெரிந்தும் தெரியாத அளவுக்கு நீர்க்க விடுங்கள். பக்கத்திலேயே 2,4-டி உள்ள குடுவைகளையும் அதே அடர்த்தியில் வையுங்கள், ஒப்பீடு அதனோடுதான்.

அளவெடுப்பு 0, 1, 3, 5, 7, 10, 14ஆம் நாட்களில். ஒவ்வொரு முறையும் ஊடகத்தின் பி.எச்., ஒடுக்கும் சர்க்கரை. செல்லில் உலர் எடை, வீழ்படிய வைத்த புரதம், எண்ணிக்கை. ஏழாம் நாளுக்குப் பிறகு குடுவையில் உருண்டை, இதயம், டார்ப்பிடோ எல்லாம் கலந்து கிடக்கும். மொத்தமாக அரைக்காதீர்கள். மீண்டும் வலையில் அளவுவாரியாகப் பிரித்து, எந்த அளவில் எந்த உருவம் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணி எழுதிய பிறகே அரையுங்கள். பழைய எட்டு வாரத்து எண்களைக் கிழித்துப் போட வேண்டாம். உலர் எடைக்கு மாற்றி, கரு இல்லாத வளர்ச்சியின் வரைபடமாக ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் வையுங்கள். உலர் எடை எடுக்காத மாதிரிகள் உறைபெட்டியில் மீதி இருந்தால், அவற்றை இந்த வாரமே 60 டிகிரி அடுப்பில் வைத்துவிடுங்கள்.